டத்தோ சிற்றம்பலம் கேட்ட மன்னிப்பு

மேடையில் வீற்றிருக்கும் மாண்புமிகு நீதிபதிகளே, வழக்கறிஞர் பெருமக்களே, டத்தோவின் துணைவியார் திருமதி மீனலோசனி அம்மா அவர்களே, லாபிஸிலிருந்தும் கூலாயிலிருந்தும் இந்த மழையிலும் நினைவுக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்த உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பிரவீனா. உயர்நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மறைந்த நீதிபதி டத்தோ சிற்றம்பலம் அவர்களின் இருக்கைக்குக் கீழே ஒன்பது ஆண்டுகள் நின்று, அவர் மலாய் மொழியில் சொன்னதைத் தமிழில் சொன்னவள்.

அவருடைய தீர்ப்பு நாள்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. தோற்றவரின் முகம் பார்த்துத்தான் வாசிப்பார். ஏன் தோற்றோம் என்பது அவருக்குப் புரிய வேண்டாமா? எந்த வழக்கறிஞரையும் குத்திக்காட்டும் ஒரு வரிகூடத் தீர்ப்பில் இராது. குறித்த தேதி மாறாது. அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

ஒரு தவறிலிருந்து வந்தது. அதை இங்கே சொல்லலாமா என்று மூன்று நாள்களாக யோசித்தேன். "இன்னிக்கு வேணாம்லா, நல்லத மட்டும் பேசுங்க" என்றார் நண்பர் ஒருவர். மீனலோசனி அம்மாவிடமே கேட்டேன். "அவர் மறைக்கேல்லையே பிள்ளை, நீர் ஏன் மறைக்கிறீர்?" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. லாபிஸ் ஐயாசாமியின் வீட்டு நிலம் பற்றிய வழக்கு. விசாரணை முடிந்து பதினான்கு மாதம் தீர்ப்பு வரவில்லை. வந்த நாளில் ஐயாசாமி உயிரோடு இல்லை. அவர் மனைவி ராசம்மா மட்டும் வந்திருந்தார். நிலம் அவர்களுக்கே என்று டத்தோ தீர்ப்பளித்தார். பிறகு, "இந்தத் தாமதம் என் தவறு. என்னை மன்னியுங்கள்" என்று மலாயில் சொன்னார்.

நான் தமிழில் என்ன சொன்னேன்? "சில காரணத்தால கொஞ்சம் லேட்டாயிருச்சும்மா, கோர்ட்டு வருத்தப்படுது" என்றேன். ஒரு நீதிபதி மன்னிப்புக் கேட்பதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

டத்தோ பேனாவைக் கீழே வைத்தார். அதுவரை நீதிமன்றத்தில் தமிழே பேசாதவர் அவர். "நான் அப்படிச் சொல்லேல்லை, பிரவீனா" என்றார். ராசம்மாவிடம் திரும்பி, "பிழை என்னிலதான் அம்மா. எழுதாமல் வச்சிருந்தது நான்" என்றார்.

"அவரு இருக்கும்போது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்யா" என்றார் ராசம்மா.

அந்தப் பதிலையும் டத்தோ தம் கைப்பட வழக்குக் குறிப்பில் எழுதினார். அதன்பின் ஓய்வுபெறும்வரை அவருடைய எந்தத் தீர்ப்பும் நாள் தவறவில்லை.

பெருமக்களே, அன்று டத்தோவின் மரியாதையைக் காப்பதாகவே நினைத்தேன். மன்னிப்புக் கேட்டதால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ராசம்மாவுக்குச் சேர வேண்டியதைத்தான் நான் இடையில் நின்று தடுத்துவிட்டேன். இனி நீதிபதியின் சொல் கடுமையானாலும் சரி, மன்னிப்பானாலும் சரி, கேட்பவரிடம் அதை முழுதாகச் சேர்ப்பேன். டத்தோ சிற்றம்பலம் பெயரால் இந்த உறுதியைத் தருகிறேன்.

மேடையில் உள்ள நீதிபதிகளிடம் ஒரு வேண்டுகோள். எழுதாத தீர்ப்பு ஏதேனும் உங்கள் மேசையில் இருந்தால், கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களைக் கூப்பிடுங்கள். வந்து சொல்கிறோம்.