முகத்துவாரச் சீசாக்கள் எங்கே போயின என்பது பற்றி

திருவண்ணாமலை நகரக் காவல் நிலையத்தில், 1987 ஜூன் 26 அன்று, உதவி ஆய்வாளர் திரு. சக்கரவர்த்தி முன்பாகக் கொடுக்கப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் கனகலதா. வயது எழுபத்தொன்று. காலஞ்சென்ற விலங்கியல் பேராசிரியர் சந்திரப்பிரபுவின் மனைவி. பேகோபுரத் தெருவில் சொந்த வீட்டில் என் கணவரின் தங்கை குசுமாவதியுடன் வசித்து வருகிறேன். நாங்கள் சமணர்கள். நான் வேலூரில் கான்வென்டில் படித்தவள். சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எழுத்தர் சம்மதித்தார்.

முத்தாலத்துறை முகத்துவாரத்தைப் பற்றிய வழக்கில் சாட்சிப் பொருளாக என் பொறுப்பில் இருந்த சீசாக்கள் காணாமற்போனதை விசாரிக்க என்னை அழைத்திருக்கிறார்கள். சாயத் தொழிற்சாலையின் ஆட்கள் அவற்றைத் திருடிவிட்டதாக மீனவர் சங்கம் புகார் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட சீசாக்களே கிடையாது என்று தொழிற்சாலை சொல்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் முத்தாலத்துறைக்கு அருகில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தபோது, 1974 முதல் இரண்டு ஆண்டுகள், நீர் வற்றும் வேளையில் முகத்துவாரத்தின் நான்கு இடங்களில் சேறு எடுத்து வருவார். அதை நான் சல்லடையில் அலசி, தங்கும் புழு, சிப்பி, நண்டுக்குஞ்சு, இறால்குஞ்சு ஆகியவற்றை இனம் பிரித்து, ஃபார்மலின் ஊற்றிய சீசாக்களில் அடைத்து, இடமும் நாளும் எழுதி ஒட்டுவேன். தண்ணீர் ஓடிவிடும், சேற்றில் இருப்பவை ஓடாது, ஆகவே ஆற்றின் உடல்நிலையை அவற்றைக் கொண்டுதான் அறிய முடியும் என்பது அவர் கருத்து. அதன்பின் 1977-இல் தொழிற்சாலை வந்தது. அதன்பின் அவர் காலமானார். சீசாக்களுடன் நான் அவருடைய பூர்வீக வீட்டுக்கு வந்தேன். அவை இருந்த அறைக்குள் குசுமாவதி ஒருநாளும் வந்ததில்லை. செத்த உயிர்கள் இருக்கும் இடம் என்பாள்.

அதன்பின் மீன்கள் செத்து ஒதுங்கத் தொடங்கி, மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தச் சேற்றில் என்றைக்குமே உயிர் எதுவும் இருந்ததில்லை என்று தொழிற்சாலைத் தரப்பு வாதாடியது. காகிதத்தில் எண்களை யாரும் எழுதலாம், உயிரினத்தைக் காட்டுங்கள் என்றார்கள். தொழிற்சாலைக்கு முந்தைய முகத்துவாரம் அந்தச் சீசாக்களில் மட்டுமே இருந்தது. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து விசாரணை நாளில் கொண்டுவர வேண்டும் என்று நீதிமன்றம் எனக்கு உத்தரவிட்டது. இதைக் குசுமாவதியிடமும் சொல்லியிருந்தேன்.

இம்மாத முதல் வாரத்தில் மீனவர் சங்கத் தலைவர் தசரதன் வந்து, இப்போதைய நிலையை ஒப்பிட்டுக் காட்டப் புதிதாகச் சேறு எடுக்க என்னை முத்தாலத்துறைக்கு அழைத்துச் சென்றார். அதே நான்கு இடங்களில் எடுத்து அலசினேன். மூன்று இடங்களில் சல்லடையில் எதுவும் தங்கவில்லை. நான்காவதில் கழிவில் மட்டும் பிழைக்கும் சிவப்புப் புழு இருந்தது. சேறு என் விரல்களில் நீலமாக ஒட்டியது. சோப்புப் போட்டும் போகவில்லை.

அதன்பின் வீடு திரும்பினேன். கொல்லையில் துவைக்கும் கல்லின் மேல் சீசாக்கள் கழுவப்பட்டு, தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒட்டிய சீட்டு ஒன்றுகூட இல்லை. குசுமாவதி புளி போட்டுத் தேய்த்திருந்தாள்.

காரணத்தைக் கேட்டேன். எங்கள் சமணத் தலமான திருமலையிலிருந்து மேல்சித்தாமூர் மடத்துக்கு நடந்து செல்லும் திகம்பர முனிவர் ஒருவர் மறுநாள் நம் ஊரில் ஆகாரம் ஏற்பார் என்று நான் இல்லாதபோது செய்தி வந்திருக்கிறது. எங்கள் வழக்கப்படி, ஆகாரம் ஏற்கும் வீட்டில் செத்த உடலோ எலும்போ கண்ணில் பட்டால் முனிவர் அன்று உண்ணாமல் எழுந்துவிடுவார். மறுநாள்தான் மறுபடி உணவு. ஆகவே சீசாக்களில் இருந்ததைக் கொல்லையில் பள்ளம் தோண்டிக் கொட்டி, பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லி மூடியிருக்கிறாள். அதன்பின் வீட்டைக் கழுவி, தலைக்குக் குளித்து, முனிவரை வரவேற்கக் கலசம் ஏந்தி வாசலில் நின்றிருக்கிறாள். முனிவர் எங்கள் தெருவுக்கே வரவில்லை.

கோர்ட்டுப் பொருள் என்று சொன்னேனே என்றேன். அவள் சொன்னது:

"கோர்ட்டு காத்துங்கெடக்கும் அண்ணி. சாமி நம்ம வாசல்ல பட்டினியா எழுந்து போனா அந்தப் பாவம் யாருக்கு? அதுங்களும் எத்தினி வருஷமா கதியில்லாம மருந்துல கெடந்துதுங்க. நான் அனுப்பி வச்சேன்."

அதன்பின் பள்ளத்தைத் தோண்டி, அந்த மண்ணையும் சல்லடையில் அலசினேன். இடையில் கோடை மழை பெய்திருந்தது. மென்மையான உடல்கள் எறும்புக்குப் போய்விட்டன. சிப்பி ஓடுகள் சில கிடைத்தன. எந்த இடத்தில், எந்த ஆண்டு எடுத்தது என்று சொல்ல முடியாத ஓடு சாட்சியாகாது.

அதற்குள் அறை காலியாக இருப்பதை அறிந்த சங்கத்தார் திருட்டு என்று புகார் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த தசரதனிடம் உண்மையைச் சொன்னேன். அதைக் கேட்டு அவர் சொன்னார்:

"திருடினவங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. அவனுங்க செய்யாததா? எங்க ஆத்தயே திருடிட்டானுங்க. உங்க வாயால வந்தா ஜட்ஜு நம்புவாரு."

நம்புவார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. கொண்டுவந்திருந்த கருவாட்டுப் பையைச் சமணர் வீடு என்று வாசலுக்கு வெளியிலேயே வைத்திருந்தார், அதை எடுத்துக்கொண்டு போனார்.

இன்று விசாரணையின்போது உதவி ஆய்வாளரும், "மேடம், உள்ளத சொன்னா கோர்ட்டுப் பொருள அழிச்சாங்கன்னு உங்க நாத்தனார் மேலதான் கேஸ் வரும். யோசிச்சி சொல்லுங்க" என்றார். யோசித்தேன். குசுமாவதிக்கு வயது அறுபத்தாறு. இந்த நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். பொழுது சாய்ந்தபின் உண்ண மாட்டாள். விரைவில் அனுப்ப வேண்டுகிறேன்.

வீட்டின் பூட்டு உடைக்கப்படவில்லை. வெளியாட்கள் யாரும் வரவில்லை. யாரிடமிருந்தும் நானோ என் நாத்தனாரோ எதுவும் பெறவில்லை. முத்தாலத்துறை முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் உயிர் இருந்தது என்பதை நிரூபிக்க இனி என்னிடம் எதுவும் இல்லை. நான் பார்த்தேன் என்பது மட்டுமே உண்டு. அது போதாது என்பதை அறிவேன்.

எழுத்தர் முழுவதையும் வாசித்துக் காட்டினார். "சீசாக்கள் திருட்டுப் போனதைக் கண்டேன்" என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த வரியை என் கையால் அடித்து, "கழுவிக் கவிழ்த்திருக்கக் கண்டேன்" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னவையே, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
ச. கனகலதா