முந்தானை நிழலில் பெர்ல்

ஹரிப்ரியா: ஐயோ, அந்த வரியத் தொடாதீங்க!

அரசு: தொடலைங்க... சும்மா பாத்தேன்.

ஹரிப்ரியா: பாத்ததுக்கே கர்சர் அங்க போய் நிக்குது?

அரசு: படகு ஆடுதுங்க. நான் என்ன பண்ணட்டும்?

தணிகைவேல்: ஆடலன்னா அது படகா சார்? மொதல்ல அந்த லைஃப் ஜாக்கெட்ட மாட்டு. கம்ப்யூட்டர் மடியில கீது, ஜாக்கெட் காலடியில கீது. இன்னா நியாயம் இது?

அரசு: மாட்டிக்கறேண்ணா... இத மட்டும் பாத்துட்டு...

தணிகைவேல்: இந்த முட்டுக்காட்டுல எத்தினியோ பேர ஏத்தி சுத்திக் காட்டிக்கீறேன். பாடுவாங்க, போட்டோ புடிப்பாங்க, சண்டை கூடப் போடுவாங்க. கம்ப்யூட்டரத் தொறந்து வெச்சிகினு மொறைக்கிறது நீங்க ரெண்டு பேருதான்.

ஹரிப்ரியா: மொறைக்கலண்ணா. பில்டு ஃபெயில் ஆயிடுச்சு. கட்டிட்டிருக்கும்போதே நின்னுடுச்சு.

தணிகைவேல்: இன்னாது ஃபெயிலு?

ஹரிப்ரியா: பெர்ல்னு ஒரு கம்ப்யூட்டர் மொழிண்ணா. அதுல நாம எழுதினதப் படிச்சு, சொன்னபடி செஞ்சு குடுக்க ஒரு ஆள் வேணும். இன்டர்பிரட்டர்னு பேரு. அந்த ஆள இந்த லேப்டாப்புல குடி வெக்கப் பாக்கறேன்.

தணிகைவேல்: வெய்யேம்மா. யாரு வேணான்னாங்க?

ஹரிப்ரியா: இதுல ஓடறது நண்டுண்ணா.

தணிகைவேல்: நண்டா! எங்க?

அரசு: உக்காருண்ணா, படகு சாயுது! நண்டுன்றது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட பேரு. கம்ப்யூட்டரையே நடத்தறது அதுதான். உலகத்துல அத வெச்சிருக்கறவங்க எல்லாரையும் ஒரே கல்யாண மண்டபத்துல உக்கார வெச்சிடலாம். அத்தினி பேருதான்.

தணிகைவேல்: அப்போ நண்டு வூடு. பெர்லு குடித்தனம்.

ஹரிப்ரியா: அதேதாண்ணா! புது வீட்டுல தண்ணிக்குழாய் எந்தப் பக்கம், ஸ்விட்ச் எங்கன்னு யாராவது சொல்லணும்ல? அதுக்கு ஒரு சின்ன ஃபைல் எழுதி வெப்போம். ஹின்ட்ஸ் ஃபைல்னு. அதுலதான் எங்கயோ உதைக்குது. இன்னிக்கு சாயங்காலம் நண்டோட புது ரிலீஸ மூடறாங்க. அதுக்குள்ள பெர்ல் ஏறலன்னா, இனிமே அது வேணவே வேணாம்னு தூக்கிடுவாங்க.

அரசு: நான் இன்னான்றேன்னா... சாரி, என்ன சொல்றேன்னா...

ஹரிப்ரியா: இன்னான்னே சொல்லுங்க.

அரசு: எங்கம்மா வழியெல்லாம் சொல்லிட்டே வந்தாங்க. "இன்னா, கீதுன்னு வாயத் தொறந்த, அங்கயே எழுந்து வந்துடுவேன்"னு.

ஹரிப்ரியா: எங்கம்மா லேப்டாப்புக்கு அதையே சொன்னாங்க.

தணிகைவேல்: கரைல நிக்கிறாங்களே, அவங்களா? மாம்பழக் கலரு பொடவ ஒருத்தர், கூலிங் கிளாஸு ஒருத்தர்?

அரசு: கூலிங் கிளாஸு எங்கம்மாண்ணா. பரிமளா.

ஹரிப்ரியா: மாம்பழக் கலர் எங்கம்மா. சியாமளா.

தணிகைவேல்: ஓஹோ... நீ பட்டுப் பொடவ, சாரு மடிப்பு கலையாத சட்டை... பொண்ணு பாக்க வந்துகீறீங்களா?

ஹரிப்ரியா: "ஒரு ரவுண்டு போயி மனசு விட்டுப் பேசிட்டு வாங்க"ன்னு ஏத்தி விட்டாங்கண்ணா.

தணிகைவேல்: அப்போ பேசுங்களேன்!

அரசு: பேசிகினுதான கீறோம்!

ஹரிப்ரியா: கீறோம்! வந்துடுச்சு, வந்துடுச்சு!

அரசு: சிரிக்காதீங்க... எர்ரரப் பாப்போம். எல்லாம் தனித்தனியா கம்பைல் ஆயிடுச்சு. கடைசியா ஒண்ணா சேக்கற எடத்துலதான் நிக்குது. "பவ்" யாருன்னு தெரியல, "ஃப்ளோர்" யாருன்னு தெரியலங்குது.

ஹரிப்ரியா: ம்... எதனால இருக்கும்?

அரசு: எதனாலன்னா... த்ரெட்ஸா இருக்குமோ?

ஹரிப்ரியா: த்ரெட்ஸா? ஒரே நேரத்துல பல வேலை ஓட விடறதா?

அரசு: ஒரு தபா ஆஃப் பண்ணிப் பாக்கலாமே.

ஹரிப்ரியா: பாக்கலாம்... ஆனா மொதல்லேர்ந்து கட்டணும். அதுக்கே ஒரு ரவுண்டு ஆயிடும்.

அரசு: ஆகட்டும்ங்க. அண்ணா, இன்னொரு ரவுண்டு?

தணிகைவேல்: பாலம் வரிக்கும் வுட்டுத் திருப்பறேன். நீ கட்டு.

ஹரிப்ரியா: கான்ஃபிகர் ஆரம்பிச்சுடுச்சு. இனிமே கேள்வியா கேக்கும் பாருங்க. அது இருக்கா, இது இருக்கா, இத எங்க வெக்கட்டும்...

அரசு: எல்லாத்துக்கும் பதில் சொல்லணுமா?

ஹரிப்ரியா: சொல்லலாம். இல்லன்னா என்டர் தட்டிட்டே போலாம். அதுவா ஒரு பதில் வெச்சிருக்கும். போன தடவ என்னப் பாக்க வந்த வீட்டுல இதவிட ஜாஸ்தி கேட்டாங்க. சமைப்பியா, கல்பாக்கத்த விட்டு வருவியா, வேலைய விடுவியா...

அரசு: நீங்க இன்னா சொன்னீங்க?

ஹரிப்ரியா: எல்லாத்துக்கும் என்டர் தட்டிட்டேன். அவங்க எதிர்பாத்த பதில். ரொம்பப் புடிச்சுப் போச்சு அவங்களுக்கு. நான்தான் ரூமுக்குப் போய் அழுதேன். மறுநாள் முடியாதுன்னு சொல்றதுக்குள்ள வீடே ரெண்டாயிடுச்சு.

அரசு: ...என்கிட்ட ஒருத்தங்க ஒரே ஒரு கேள்விதாங்க கேட்டாங்க. "சிங்கப்பெருமாள் கோயில்ல ரயில்வே கேட்டுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?"

ஹரிப்ரியா: நீங்க எந்தாண்ட?

அரசு: அந்தாண்ட. காப்பியக் கூடக் குடிக்கல. எழுந்துட்டாங்க.

ஹரிப்ரியா: ஹாஹா... ஐயோ, சாரி. சிரிக்கக் கூடாது.

அரசு: சிரிங்க, சிரிங்க. கேட்டு மூடியிருந்தா நானே என் வூட்டுக்குப் போக மாட்டேன்.

தணிகைவேல்: அம்மா, வெயிலு ஏறுது. அதுல எதுனா தெரியுதா உனக்கு?

ஹரிப்ரியா: ஒண்ணுமே தெரியல. கண்ணாடி மாதிரி என் மூஞ்சிதான் தெரியுது. இருங்க... இந்த முந்தானைய இப்படி இழுத்து... அந்த நுனியப் புடிங்க.

அரசு: நானா?

ஹரிப்ரியா: தணிகைவேல் அண்ணாவா புடிப்பாரு? அவரு ஸ்டீரிங் புடிக்கணும். தலைய உள்ள விடுங்க. இப்போ தெரியுதா?

அரசு: தெரியுது... எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது.

ஹரிப்ரியா: குட்டி பெர்ல் கட்டிட்டிருக்கு. மொதல்ல ஒரு குட்டி பொறக்கும். அப்புறம் அந்தக் குட்டிதான் பெரிசக் கட்டும்.

அரசு: புள்ள பொறந்து அப்பன வளக்குதா? ... ஐயோ, போனு. எங்கம்மா! ...அலோ. இல்லம்மா. இல்ல... முந்தானைக்குள்ள ஒண்ணும் இல்லம்மா! வெயிலு... ஸ்கிரீன்... அம்மா, கத்தாத, அவங்களுக்குக் கேக்குது... இல்ல, ஜாதகம் பத்திப் பேசல... குட்டி பொறக்கறதப் பத்திப் பேசிகினு இருந்தோம்... அலோ? அலோ?

ஹரிப்ரியா: என்னன்னு சொன்னீங்க! குட்டி பொறக்கறதப் பத்தியா!

அரசு: பெர்ல்னு சொல்றதுக்குள்ள வெச்சிட்டாங்க!

தணிகைவேல்: கரைல ரெண்டு பேரும் காதோட காதா பேசிக்கிறாங்க. நான் இன்னா பண்ணட்டும், திருப்பட்டுமா?

ஹரிப்ரியா: இருங்கண்ணா... ஆ, மறுபடி நின்னுடுச்சு. அதே பவ், அதே ஃப்ளோர்.

அரசு: அப்போ த்ரெட்ஸ் இல்ல. புரோகிராம ரெண்டாப் பிரிக்கற ஃபோர்க்கா இருக்குமோ?

ஹரிப்ரியா: ஃபோர்க்கு... இருக்கலாம், இருக்கலாம். அதையும் பாத்துடுவோம்.

தணிகைவேல்: அடச்சே!

அரசு: இன்னாண்ணா?

தணிகைவேல்: இன்ஜின் மக்கர் பண்ணுது. நின்னுபோச்சு. பயப்படாதீங்க, தண்ணி இடுப்பளவுதான் இங்க. நான் பாக்குறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க.

ஹரிப்ரியா: பேட்டரி வேற குறையுது. அந்த ஃபோர்க் வரிய நீங்களே மாத்துங்க. ஓட விடலாம்.

அரசு: மாத்திட்டேன். ஓடுது... ஏங்க, ஒண்ணு கேக்கலாமா? இந்த வேலைக்கு யாரும் டப்பு தர மாட்டாங்கல்ல?

ஹரிப்ரியா: பைசா வராது. எங்கப்பா தெனமும் கேக்கற கேள்வி இது.

அரசு: நான் அப்படிக் கேக்கல. இத ஏன் செய்றீங்கன்னு கேட்டேன்.

ஹரிப்ரியா: ...பத்து வீடு இருக்கற ஊரா இருந்தாலும் ஒரு டீக்கடை வேணும்ல? யாராவது தொறந்துதான ஆகணும். ஒருநாள் பிரேசில்லேர்ந்து ஒருத்தர் மெயில் போட்டாரு. நண்டுல பெர்ல் ஓடிச்சு, என் பழைய புரோகிராம் பொழச்சிடுச்சுன்னு. அன்னிக்கு முழுக்க நான் சாப்பிடவே இல்ல, தெரியுமா? சந்தோஷத்துல.

அரசு: எனக்குத் தெரியும்ங்க அது. ஃபேக்டரில நான் சர்வர்தான் பாத்துக்கறேன். ஒழுங்கா ஓடினா ஒருத்தருக்கும் என் பேரு தெரியாது. ஆனா படுத்துகினு இருந்தத நான் எழுப்பி உட்டா... தனியா நின்னு சிரிச்சிகினு இருப்பேன். பாக்கறவன் பைத்தியம்னுவான்.

ஹரிப்ரியா: தனியாவா சிரிப்பீங்க?

அரசு: இதுவரிக்கும்.

ஹரிப்ரியா: ...ஃபோர்க்கும் இல்லங்க. மறுபடி நின்னுடுச்சு.

அரசு: பேட்டரி?

ஹரிப்ரியா: இன்னும் ஒரே ஒரு தடவை கட்டலாம். அவ்ளோதான் தாங்கும்.

அரசு: சரி. அப்போ... இந்த லைப்ரரி எல்லாம் வரிசையா எழுதியிருக்கீங்களே, இதுல "எம்" எங்க? கணக்கு லைப்ரரி. பவ், ஃப்ளோர் எல்லாம் அதுக்குள்ளதான கீது.

ஹரிப்ரியா: அட! ஆமால்ல!

அரசு: ஒரே ஒரு எழுத்து. இதோ... போட்டாச்சு. த்ரெட்ஸ், ஃபோர்க் எல்லாம் பழையபடி. தட்டுங்க.

ஹரிப்ரியா: நீங்க தட்டுங்க.

அரசு: சேந்து தட்டலாம்.

தணிகைவேல்: எதையோ தட்டுங்க, படகத் தட்டாதீங்க.

ஹரிப்ரியா: போகுது... போகுது... குட்டி பொறந்துடுச்சு!

அரசு: மெதுவாங்க, கரைக்குக் கேக்கும்!

ஹரிப்ரியா: பெரிசும் வந்துடுச்சு! டெஸ்ட் ஓடுது... ஓகே, ஓகே, ஓகே... ஒண்ணு கூட விழல பாருங்க...

அரசு: எல்லாம் பாஸு! நண்டு மேல பெர்லு! அண்ணா, பாஸு!

தணிகைவேல்: குதிக்காத சார்! கவுந்தா பொண்ணும் போச்சு, பெர்லும் போச்சு!

ஹரிப்ரியா: அரசு... தேங்க்ஸ்.

அரசு: தேங்க்ஸ் சொல்லாதீங்க. ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது.

ஹரிப்ரியா: சொல்லுங்க.

அரசு: அது "எம்"முன்னு எனக்கு மொத எர்ரர்லயே தெரியும். சொல்லியிருந்தா இந்தப் பேச்சு அங்கயே முடிஞ்சி கரைக்குப் போயிருப்போம். அதான் த்ரெட்ஸு, ஃபோர்க்குன்னு இழுத்தேன்... பேஜாரு பண்ணிட்டேனா? கோவமா?

ஹரிப்ரியா: த்ரெட்ஸ்னு சொன்னப்பவே தெரியும், நீங்க இழுக்கறீங்கன்னு. சர்வர் பாத்துக்கறவருக்கு "பவ்" எங்க இருக்குன்னு தெரியாதா?

அரசு: அப்புறம் ஏன் என்னோட சேந்து மூணு தபா கட்டினீங்க?

ஹரிப்ரியா: அந்த எம்ம அழிச்சதே நான்தான்! காலைல பட்டுப் பொடவை கட்டறதுக்கு முன்னாடியே எல்லாம் பாஸாகி, ரிலீஸுக்கும் அனுப்பியாச்சு.

அரசு: இன்னாது!

ஹரிப்ரியா: போன தடவ வந்தவர், நான் லேப்டாப்பத் தொறந்ததும் மூடி வெக்கச் சொன்னாரு. நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கணும்னு தோணிச்சு. நீங்க நகந்து உக்காந்து, "எங்க, காட்டுங்க"ன்னீங்க. அப்பவே பாதி முடிவு பண்ணிட்டேன்.

அரசு: மீதி?

ஹரிப்ரியா: குட்டி பொறக்கறதப் பத்தின்னு உங்கம்மாகிட்ட உளறினப்போ.

அரசு: ஹாஹா... ஐயோ அம்மா... நான் இன்னா ஒரு லூசு!

ஹரிப்ரியா: ஹாஹாஹா... நிறுத்துங்க, வயிறு வலிக்குது... சரி, சொல்லுங்க. உங்க பதில் என்ன?

அரசு: யெஸ். சும்மா என்டர் தட்டல. கையாலயே டைப் பண்ணி சொல்றேன்.

ஹரிப்ரியா: நானும்... அட, அண்ணா! இன்ஜின் ஓடுதே! எப்போ சரி பண்ணீங்க?

தணிகைவேல்: அதுக்கு இன்னா கேடு வந்துச்சி சரி பண்ண? நீங்க ஏர்றதுக்கு முன்னாடியே உங்கம்மாங்க ரெண்டு பேரும் என்னாண்ட வந்து, ஒரு டப்பா மைசூர்பாகக் கைல திணிச்சி, "இதுங்க ரெண்டும் சேந்து சிரிக்கிற சத்தம் எங்க காதுக்குக் கேக்குற வரிக்கும் படகக் கரைக்கு இட்டாராத"ன்னு கண்டிசனா சொல்லிட்டாங்க... கேட்டுடுச்சு போல, அதோ பாரு, ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிகினு நிக்கிறாங்க.