சமையக்கட்டு மைக்

ஹலோ... ஹலோ, ஆமா, நான்தான்... கேக்குது, சொல்லு... கேக்குதுன்னு சொல்றேன்ல, எதுக்குக் கத்துற? டிபார்ட்மென்ட்ல இருக்கேன். பக்கத்துல நாலு பேரு வேல பாத்துக்கிட்டு இருக்காங்க... சரி, இரு, வராண்டாவுக்கு வந்துடறேன்...

ம்... இப்ப சொல்லு. ரெண்டு மாசம் கழிச்சு புருஷன் ஞாபகம் வந்திருக்கு. நீயா கூப்பிட்ட, இல்ல உங்கம்மா நம்பரப் போட்டுக் கையில குடுத்தாங்களா?...

யாரு, உன் தங்கச்சியா? நேத்து கருத்தரங்குக்கு அவ வந்திருந்தாளா?... எனக்கெப்படித் தெரியும், ஹால் நெறைய ஆளு... ஆமா. போட்டேன்... ஆமா, ஆமா, சமையக்கட்டுல எடுத்த பதிவுதான். அதுல என்ன இப்போ?...

நீ அழுததப் போட்டுக் காட்டினேனா? அப்படியா சொன்னா அவ? இங்க பாரு, நான் போட்டது பாப்பா பேசினத. 'அம்மா, அழாத.' அவ்வளவுதான். அது வரைக்கும் அவளுக்கு எல்லாத்துக்கும் 'வேணாம்' ஒண்ணுதான். 'போகாத, செய்யாத'ன்னு குழந்தைங்க எப்ப சொல்ல ஆரம்பிக்குதுன்றதுதான் என் ஆராய்ச்சியே. அதுல அவளோட மொத வார்த்த அது... பின்னாடி உன் சத்தம் வருது, நான் என்ன பண்ணட்டும்? குறைச்சுப் பாத்தேன். பாப்பா குரலும் சேந்து குறையுது...

ஆமா, கைதட்டினாங்க... எதுக்குன்னா? நல்லா இருந்துச்சு, தட்டினாங்க. ஒருத்தர் எந்திரிச்சு, கடைசி எழுத்து தெளிவா விழுந்திருக்கான்னு கேட்டாரு... இல்ல. நீ ஏன் அழுதேன்னு யாரும் கேக்கல. அவங்களுக்கு அது எதுக்கு?...

பேரெல்லாம் சொல்லல. 'குழந்தையின் தாய்'னுதான் போட்டிருந்தேன்... கூடப் பொறந்தவளுக்கு உன் குரல் தெரியாமயா இருக்கும்? அதுக்கு நானா பொறுப்பு?... எந்திரிச்சு வெளிய போயிட்டாளாம்! போகட்டும், டீ இடைவேள வரைக்கும் இருந்திருந்தா டீயாவது கெடச்சிருக்கும்...

அழிக்கிறதா? நல்லா இருக்கே கத. அது என் வீட்டுச் சாமானில்ல, பல்கலைக்கழகத்தோடது. பாப்பா பொறந்த நாள்லருந்து கூடம், படுக்கற ரூம், சமையக்கட்டுன்னு மைக் மாட்டிச் சேத்தது. அப்ப தலையாட்டினவ நீதான... ஆமா, சொன்னேன். அவ பேசினதையெல்லாம் சேத்து வச்சு அவ கல்யாணத்தன்னிக்குப் போட்டுக் காட்டலாம்னு சொன்னேன். உன்னச் சம்மதிக்க வைக்கணும், சொன்னேன். அத இன்னுமா நம்பிக்கிட்டு இருக்க?...

ஒரு நிமிஷம், லைன்ல இரு... வணக்கம் சார்! ஐயோ, எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்... வீட்லருந்துதான் சார்... பாப்பா ரொம்ப நல்லா இருக்கா, சரியான வாயாடி ஆயிட்டா... கண்டிப்பா சார், ஒரு நாள் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன்... சரிங்க சார், சரிங்க...

ம். துறைத் தலைவர்... வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? பொண்டாட்டி பாதியில புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்னா? ரெண்டு மாசமா பதிவே இல்ல. இந்த வயசுல பேச்சு வாரத்துக்கு வாரம் மாறும். போனது போனதுதான், எங்க போயி எடுக்கறது? உனக்கு அது எங்க புரியப் போகுது...

அதனால ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாமக் கேளு. சனிக்கிழம ஆளு அனுப்பறேன். உங்க வீட்ல ரெண்டே ரெண்டு மைக், மாட்டிட்டுப் போயிடுவாங்க. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்... வக்கீலா? எந்த வக்கீல்?... ஓ. அது வரைக்கும் போயாச்சா. சரி, போ. தாராளமாப் போ. ஆனா கோர்ட்டுல நானும் ஒரு பதிவு போடுவேன்...

எதுவா? அதே சமையக்கட்டு, அதே நாள். கருத்தரங்குல போட்டது கடைசித் துண்டு. மொதத் துண்டு இருக்குல்ல? பாப்பா பால் டம்ளரத் தட்டி விட்டா. பளார்னு ஒண்ணு. அப்புறம் நீ. 'சனியனே, நீ பொறக்காமயே இருந்திருக்கலாம்.' எவ்ளோ தெளிவு தெரியுமா? ஃப்ரிட்ஜ் மேல இருந்த மைக், ஒரு எழுத்து விடல...

தெரியும். ஒரே ஒரு தடவதான்... தெரியும், முந்தின நாள் பூரா அவளுக்குக் காய்ச்சல், நீ கண்ண மூடல, ஆபீஸ் வேற போகணும்... அதுவும் தெரியும்மா. அப்புறம் அவளக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுத, கன்னத்தத் தடவித் தடவி மன்னிப்புக் கேட்ட. எல்லாம் இருக்கு. இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா எங்க ஆரம்பிச்சு எங்க நிறுத்தணும்னு வெட்டறவன் நான்தான...

மெரட்டல. இருக்கறதச் சொல்றேன். நீ மைக்க மாட்ட விடு, அந்தத் துண்டு யார் காதுலயும் விழாது...

நானா? நான் எங்க இருந்தேன்னா? பக்கத்து ரூம்லதான்... ஆமா, ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்... ஆமா. அடிச்சதும் கேட்டுது... எந்திரிச்சு வந்திருந்தா என் சத்தம் நடுவுல பூந்திருக்கும். பாப்பா என்கிட்ட ஓடி வந்திருப்பா. அந்த 'அழாத' வந்தே இருக்காது! கொஞ்சம் யோசிச்சுப் பேசு...

என் குரலா? பதிவுல என் குரல் எத்தன எடத்துல இருக்குன்னா... இது என்ன கேள்வி? கம்மிதான்... ரொம்பக் கம்மி. பதிவு பண்றவன் வாயத் தொறந்தா குழந்தை அவன் பேச்ச அப்படியே திருப்பிச் சொல்லும். மொதல்லயே சொல்லித்தான வச்சேன்... ஆமா, தண்ணி வேணும்னாகூட சைகைதான். நீயும் உங்கம்மாவும் ஊமை மாப்பிள்ளன்னு சிரிச்சது எனக்கு ஹெட்ஃபோன்ல கேக்காமலா இருந்துச்சு? ரெண்டு வருஷத்துக்கு மேல நாக்கக் கட்டிக்கிட்டு இருந்தவன் நான். கையத் தூக்கிக்கிட்டு வருவா. தூக்குவேன், முத்தம் குடுப்பேன், ஒரு வார்த்த பேச மாட்டேன். சும்மாவா அது? எவனால முடியும், சொல்லு...

சிரிக்கிறியா? எதுக்கு இப்ப சிரிக்கிற?...

அது பாப்பாவா? பின்னால கேக்குதே... முழிச்சுக்கிட்டாளா? அவகிட்ட ஃபோனக் குடு... ஒரு நிமிஷம் குடேன். என் பொண்ணுகிட்டப் பேச உன்கிட்ட கெஞ்சணுமா?... பேசிப் பாருங்கன்னா? என்ன சொல்ற, புரியல... சரி, சரி, குடு...

பாப்பா... பாப்பாச் செல்லம்... அப்பா பேசறேன்டா... அப்பா... என்ன? கேக்கலையே, இன்னொரு தடவ சொல்லு...

யாரா?...

அப்பாதான்டா. நான்தான் அப்பா. மாடிப்படியில தூக்கிக்கிட்டு ஏறுவேன்ல... தாடி குத்துதுன்னு சிரிப்பியே, அந்த அப்பா... யாருன்னா... அப்பாதான்மா, வேற யாரு... எங்க போற, இரு, அம்மாகிட்ட குடுத்துடாத, பாப்பா... பாப்பா...

ம்... நீயா... ஆமா. கேட்டேன்... ஆமா, என் காதாலதான் கேட்டேன்... எனக்கு ஒண்ணும் இல்ல...

இரு, வச்சிடாத. மத்ததெல்லாம் விடு, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இந்த 'யாரு' எப்பலருந்து கேக்குறா? இங்க இருந்தப்ப அவளுக்கு அது வரல. 'என்ன' வந்துச்சு, 'எங்க' வந்துச்சு, 'யாரு' வரவே இல்ல. போன வாரமா, அதுக்கு முந்தியா? மொதமொதல்ல யாரப் பாத்து கே—