நான்காம் படுக்கையின் அட்டை

நிர்வாக அதிகாரி ஐயா அவர்களுக்கு,

என் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது தினமும் கரும்பலகையில் தேதி எழுதும் வேலை எனக்குத்தான். அதனால் வார்டில் படுக்கைகளுக்கு மேலே தொங்கும் அட்டைகளையும் நானே கையால் எழுதுகிறேன். அச்சடித்தால் யாரும் படிப்பதில்லை. கையால் எழுதினாலும் படிப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான்காம் படுக்கை விஷயமாக, தண்ணீர் வண்டி தள்ளும் ஆயாம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது சரியல்ல. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் இங்கே பேச்சுக்கும் விழுங்கலுக்கும் சிகிச்சை தருபவள். முதல் வேலை எல்லோருக்கும் தெரியும், இரண்டாவது யாருக்கும் தெரியாது. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நமக்கானால் புரையேறி இருமல் வரும். சிலருக்கு அந்த இருமலும் வராது. பார்ப்பவர்களுக்கு நன்றாகக் குடிப்பதுபோலவே இருக்கும். அவர்களுக்குத் தண்ணீரில் பொடி கலந்து, தேன் பதத்துக்குக் கொண்டுவந்துதான் கொடுக்க வேண்டும். அட்டையில் நான் எழுதுவது அதைத்தான்.

நான்காம் படுக்கையில் இருந்தவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டிரைவர் ஐயா என்போம். இருமல் வராத ரகம். "இதைப் போய் தண்ணின்னு சொல்றியேம்மா, இதை வெச்சு சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்பார். சொல்லிவிட்டு எனக்காக முழு டம்ளரையும் குடிப்பார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பிசியோ தம்பிக்கு நாற்காலி உண்டு. நோயாளி நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா. நான் கதவோரம் நிற்பேன். டிரைவர் ஐயாவைப் பற்றி நான் வாயைத் திறந்ததுமே பெரிய டாக்டர் சிரித்தார்.

"வாங்க டீச்சரம்மா. அந்த மனுஷன் வார்டே காதைப் பொத்திக்கிற மாதிரி பேசுறாரு. இன்னும் என்ன சொல்லிக் குடுக்கப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் குறிப்பு கோப்பில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அவர் இரண்டோடு மூடிவிட்டார்.

எனக்குக் கோபம் இல்லை. என் வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததை யார் கவனிப்பார்கள்? அந்த வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு தடவை காட்டிவிடலாம் என்று தோன்றியது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தேன். யாராவது கேட்டால் உடனே மாட்டிவிடுவதாகத்தான் எண்ணம். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். இரண்டு சிஸ்டர்கள், பிசியோ தம்பி, பெரிய டாக்டர், அவர் பின்னால் வந்த ஐந்து பேர். யாரும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு ஆயாம்மா வண்டியோடு வந்தார். வெறும் ஆணியை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், ஐயாவுக்குப் பொடி நிறுத்திட்டாங்களா?"

"அட்டையில என்ன போட்டிருக்கோ அதுதான் ஆயாம்மா."

ஆயாம்மா கேட்டதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தச் சோதனை அவருக்காக வைத்ததல்ல.

டிரைவர் ஐயா இரண்டு டம்ளர் குடித்தார். "அப்பாடா, இதுதான் தண்ணி" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இருமவே இல்லை. மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது அப்படியே சரியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அட்டையைத் திரும்ப மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. அடுத்த வியாழக்கிழமை இறந்துபோனார். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எல்லாரும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்கக்கா. நீங்க ஒருத்தர்தான் எங்கப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க."

அது உண்மை. நான் மறுக்கவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை பெரிய டாக்டர் மூன்றாம் பக்கத்தை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். விழுங்கல் பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்று கால் மணி நேரம் பேசினார். எனக்கு ஒரு நாற்காலி வந்தது. அந்த ஒரு மாதத்தில் வார்டில் ஒருவருக்கும் புரையேறவில்லை. டிரைவர் ஐயாவுக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்றே நினைக்கிறேன்.

நேற்றைய கூட்டத்தில் என் நாற்காலியில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

ஒன்பதாம் படுக்கையில் ஒரு தையல்கார அம்மா இருக்கிறார். அவருக்கும் இருமல் வராது. அவருடைய அட்டையை இன்று காலை எட்டு மணிக்குக் கழற்றி இத்துடன் இணைத்திருக்கிறேன். வண்டி தள்ள வந்திருப்பவர் புதியவர். ஆணியைப் பார்த்துக் கேள்வி கேட்கமாட்டார். தபால் பத்து மணிக்கெல்லாம் உங்கள் மேசைக்கு வந்துவிடும் என்று குமாஸ்தா சொன்னார்.

இது கடிதத்தின் மூன்றாம் பக்கம். இதுவரை படித்ததற்கு நன்றி. தண்ணீர் வண்டி பதினொரு மணிக்கு வரும்.