ஃபில்டர் இல்லாமல் ஓடிய பத்து நாட்கள்

பெயர் அனுசுயா, வயது 44, க/பெ ஈஸ்வரபாண்டி, கிழக்குத் தெரு, ஓடைப்பட்டி, தேனி மாவட்டம். 15.02.2025 காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடன் குடியிருந்து தையல் வேலை செய்து வருகிறேன். என் கணவர் மினி பஸ் டிரைவர். போன வருடம் பட்டப்பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவர் கண் அசந்ததில் பஸ் ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தை ஒட்டி நின்றது. அதன் பிறகு தேனியில் டாக்டரிடம் காட்டியதில், தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருவதாகவும், மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷினை மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மெஷின் வந்த பிறகே முதலாளி அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்.

மெஷினைக் கொடுத்த தேனி கடைக்காரர் ஜெபா, காற்று உள்ளே போகும் இடத்தில் வெள்ளை ஃபில்டர் ஒன்று இருக்கிறது, தூசியை அதுதான் பிடிக்கும், அதைக் கழுவக் கூடாது, மாதம் ஒன்று மாற்ற வேண்டும் என்று என்னிடம்தான் சொல்லிக் கொடுத்தார். 02.02.2025 அன்று அது கறுத்துப் போயிருந்ததைப் பார்த்து, கையில் வேறு இல்லாததால் சோப்புப் போட்டுக் கசக்கினேன். பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிட்டது. அதன் பிறகு வெறும் மூடியை மாட்டி வைத்தேன். மெஷின் வழக்கம்போல் ஓடியது. முகூர்த்தத் தையல் நிறைய இருந்ததால் தேனிக்குப் போகவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் படுக்கை அறைச் சன்னலை ஒட்டிக் கருத்தக்கண்ணன் அண்ணனின் திராட்சைத் தோட்டம் உள்ளது. பாதைத் தகராறில் அவருக்கும் என் கணவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. 11ஆம் தேதி சாயங்காலம் அவர் வேலி ஓரம் வந்து, "ஆத்தா, நாளைக்குக் காலையில கொடிக்குக் கந்தகத் தூள் அடிக்கப் போறேன். சன்னலச் சாத்திக்க. மாப்ள மெஷின் வச்சுப் படுக்கிறவரு" என்றார். சரி என்றேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் அடுப்படியில் இருந்தபோது கணவர் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு இருமியபடி எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. சன்னல் கட்டையில் மஞ்சளாகத் தூள் படிந்திருந்தது. "என்னையக் கொல்லப் பாக்குறான்" என்று சொல்லிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே கிடந்த மூங்கில் கம்பை எடுத்து அண்ணனை அடித்தார். அண்ணன் இடது கையால் தடுத்ததில் மணிக்கட்டு ஒடிந்தது. அதன் பிறகு என் கணவர் மூச்சுவிட முடியாமல் பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஒடிந்த கையை மறு கையில் தாங்கிக்கொண்டு தன் மனைவியிடம், "மாயக்கா, மாப்ளைக்கு மூச்சு இழுக்குது. வெரசா ஆட்டோவக் கூப்புடு" என்றார். இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில்தான் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே டாக்டர் கேட்டதன் பேரில் ஜெபா வந்து, வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த மெஷினைத் திறந்து பார்த்தார். உள்ளே மஞ்சள் தூள் இருந்தது. "ஃபில்டர் எங்கக்கா?" என்றார்.

கருத்தக்கண்ணன் அண்ணன் முன்கூட்டிச் சொல்லாமல் வேண்டுமென்றே சன்னலுக்குள் தூளை அடித்ததாக என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்தே புகார் கொடுத்துள்ளார். 13ஆம் தேதி வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "யாரும் வந்து சொல்லலன்னு நீயும் சொல்லிரு. இல்லன்னா அடிச்ச கேசுல என் வேல போயிரும்" என்றார். அப்போதுதான் ஃபில்டர் விஷயத்தையும், அண்ணன் வந்து சொன்னதையும் அவரிடம் சொன்னேன். அவர் அன்று சாப்பிடவில்லை.

அண்ணன் எங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஃபில்டர் இல்லாமல் மெஷினை ஓடவிட்டதும் சன்னலைச் சாத்தாததும் நான். என் கணவர் அவரை அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ நான் இங்கு வரவில்லை. இதைத்தான் சொல்லப் போகிறேன் என்பது என் கணவருக்குத் தெரியும். காலையில் அவரே பைக்கை எடுத்து, "ஏறு" என்றார். இப்போது கேட்டுக்கு வெளியே நிற்கிறார். தன்னையும் கூப்பிட்டால் உள்ளே வருவதாகச் சொன்னார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை வாசிக்கக் கேட்டேன். இதில் நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஈ. அனுசுயா