வால்வுல கட்டின கல்லு

உஸ்ஸுன்னு சீறுதே, அதுக்கா வாசல்லயே நின்னுட்ட? உள்ள வா தங்கச்சி. பாய்லரு மூச்சு வுடுது, அவ்ளோதான். அது சத்தம் போடற வரைக்கும் பயமில்ல.

ஆரோக்கியநாதன் சம்சாரம்தான நீ? தெரியும். அவரு எடத்துக்குத்தான் என்னக் கொண்டாந்து வச்சிருக்காங்க. குடிச்சிட்டுத்தான் செத்தாரான்னு கேக்க வந்திருக்க. உம் புள்ளைங்களக்கூட உங்க ஊரு வல்லத்துல குடிகாரன் புள்ளைங்கன்றாங்களா? த்தூ. அந்தச் சாக்கு மேல ஒக்காரு, சொல்றேன்.

நான் திண்டிவனத்துல மில்லுல இருந்தவன். ராவெல்லாம் நெல்லு அவிச்சே தலை நரைச்சவன். இங்க வந்த மொத நாளு பாக்கறேன், ஆவி வெளிய போற வால்வு மேல ஒரு பெரிய கல்லக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கானுங்க. இன்னாய்யா இதுன்னேன். ஆவிய அடக்கி வச்சா நெல்லு சீக்கிரம் வேவும், இங்க இதான் வழக்கம்னு இளிக்கிறான் மேஸ்திரி செல்லப்பன். ஒரு ஆளு வெந்து செத்திருக்கான், மறுபடியும் அதே கல்லு! அவுத்து வீசிட்டேன். அன்னியிலருந்து எனக்குப் பேரு தொடைநடுங்கி. சீமை இன்ஜினியரு வராருடோய், வழி வுடுங்கடான்னு நக்கலு. டீ வாங்கியாந்தா என்னத் தவுத்துட்டுக் குடிப்பானுங்க.

அதெல்லாம் தொலையட்டும். நக்கலு எனக்குப் புதுசில்ல. இவனுங்ககூட ஒக்காந்து சோறு தின்னப் புடிக்கல, அடுப்பாண்ட தனியா தின்றேன். வேற வேல கெடைக்காமத்தான் இங்க கெடக்கறேன்.

இன்னா? இரு, அதுக்குத்தான் வரேன்.

பாவாடைன்னு ஒருத்தன், மூட்ட தூக்கறவன். போன சந்தையன்னிக்கு பீடி குடிச்சினே சொன்னான், எதோ கூத்து பாத்த கதையாட்டம். ஆவி வெடிச்சி ஒடம்பெல்லாம் வெந்து, தோ, இங்கதான் கெடந்தாராம். தண்ணி, தண்ணின்னாராம். மொதலாளி கண்ணக் காட்டினாராம். செல்லப்பன் பதுக்கி வச்சிருந்த கள்ளச்சாராயத்த எடுத்தாந்து அவரு வாயில ஊத்தினானாம். போலீசுகாரன் வந்து மோந்து பாப்பான்ல, அதுக்கு. சொல்லிட்டு சிரிக்கிறான். மத்தவனுங்களும் சிரிக்கிறானுங்க.

குடிக்கலம்மா உன் வூட்டுக்காரரு. அவரு கேட்டது தண்ணி.

கோர்ட்டுலயா? சொல்றேன். உங்க மாதா கோயில் சாமியாரக் கூட்டினு வா, அவரு முன்னாடியும் சொல்றேன். வேலதான பூடும்? பூடட்டும்.

கொஞ்சம் தள்ளிக்கோ தங்கச்சி. அடுப்பு அடங்குது, உமி அள்ளிப் போடணும்.