ஒலிப்பதிவு அறையில் இரண்டு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தது குறித்து

அன்று அங்கே இருந்தவர்கள்: நான், நிலையத் தலைவர் ஷ்யாம்சுந்தர் சார், கேள்வி கேட்கிற பெண் ரோஹிணி, பேசுவதைப் பதிந்து வெட்டி ஒட்டுகிற முகிலன், மன அமைதி பற்றிப் பேச சிறுசேரி கம்பெனியிலிருந்து வந்து காத்திருந்த ஒரு சார், பெயர் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, பிற்பாடு வந்த எஸ்.ஐ. கெசியா அம்மா, இதை எழுதிக்கொள்வதும் அவரே. எல்லாருக்கும் கடைசியாகக் குடையோடு வந்த சாமுண்டீஸ்வரி. நானும் இருந்தேன் என்று வேறு யாராவது சொன்னால் அது பொய்.

என் பெயர் செங்கேணியம்மாள், வயது 71, க/பெ. காலஞ்சென்ற ஜெயவேலு, செம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். மூன்றாவது வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன், கைநாட்டு வேண்டாம். எனக்கு மறதி கிடையாது.

கேம்ப் ரோட்டில் பல் டாக்டருக்கு மேல்மாடியில் தென்கரை பொது வானொலியின் பாட்காஸ்ட் ஸ்டுடியோ இருக்கிறது. பாட்காஸ்ட் என்றால் ரேடியோ போலத்தான், ஆனால் போனில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். செம்பாக்கம் ஏரியைப் பற்றி ஒன்று செய்கிறோம், பழைய ஆட்கள் இரண்டு பேர் வேண்டும் என்று ரோஹிணி என் வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள். இன்னொருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

கடந்த ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு நான் போனபோது எதிர் நாற்காலியில் மேற்படி சாமுண்டீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். என் தெருக்காரிதான், நாலு வீடு தள்ளி. அவளோடு நான் பேச்சை நிறுத்தி அன்றோடு முப்பது வருஷம் பத்து மாசம். காரணம் பின்வருமாறு. 1994 தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் மகள் கீதாவைப் பெண் பார்க்கக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். ஒத்தாசைக்கு வந்த சாமுண்டீஸ்வரி அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பஜ்ஜியைக் கடித்துப் பார்த்து, "பொண்ணு கைப்பக்குவம் நல்லா கீது" என்றார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பெண் பார்க்கிற வீட்டில் யார் போட்டாலும் பெண் போட்டதுதான், இது யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் இவள் ஜல்லிக்கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்து, "அய்ய, இது நான் போட்ட பஜ்ஜிம்மா, அதுக்கு வெந்நி வெக்கக்கூடத் தெரியாது" என்றாள். அதன் பிறகு அவர்கள் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். கீதா பிற்பாடு பெருங்களத்தூரில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு இன்றைக்கு மூன்று மாடி வீட்டில் இருக்கிறாள். கூடுவாஞ்சேரி மாப்பிள்ளை இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனான். அது வேறு விஷயம்.

ரோஹிணி எங்கள் இரண்டு பேர் காதிலும் ஹெட்போனை மாட்டினாள். முப்பது வருஷம் பத்து மாசமாக நான் காதில் வாங்காத குரல் இரண்டு காதிலும் நேராக வந்து விழுந்தது. அதன் பிறகு அவள் கதவோரம் ஒரு சுவிட்சைத் தட்டி, "வெளிய சிவப்பு லைட் எரியுதும்மா. இது எரிஞ்சா எங்க டைரக்டர் ஷ்யாம்சுந்தர் சாரே வந்தாலும் கதவைத் தொட மாட்டார்" என்றாள். இதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஏரியையும் கோரையையும் மீனையும் பற்றிப் பேசினோம். நான் கெளுத்தி என்றதை சாமுண்டீஸ்வரி விரால் என்றால், ரோஹிணியைப் பார்த்து, "கெளுத்திதான்னு அவங்களாண்ட சொல்லும்மா" என்று ரோஹிணி மூலமாகவே பதில் சொன்னேன். ஏரி ரொம்பி வழிந்த வருஷம் எது என்று ரோஹிணி கேட்டாள். "தொண்ணூத்தி நாலு, பஜ்ஜி வருஷம்" என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை, வேண்டுமென்றுதான் சொன்னேன். சாமுண்டீஸ்வரி கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தாள். பிறகு ரோஹிணியை விட்டுவிட்டு என்னையே பார்த்து, "செங்கேணி, அன்னிக்கு நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான். மன்னிச்சுக்கோ" என்றாள்.

அன்று சாயங்காலமே தெருவில் வீடு வீடாகப் போய், அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள், போனில் வரும், கேளுங்கள் என்று சொன்னேன். செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, கீதா வந்து தன் போனில் அதைப் போட்டாள். என் வீட்டு வாசலில் பதினோரு பேர் நின்று கேட்டார்கள். மொத்தம் பதினெட்டு நிமிஷம். கோரை வந்தது, கெளுத்தி வந்தது, வாத்து கத்துவது மட்டும் அரை நிமிஷம் வந்தது. மன்னிப்பு வரவில்லை. மறுநாள் ரேஷன் கடை வரிசையில் சாமுண்டீஸ்வரி எல்லாரும் கேட்க, "இன்னாத்துக்கு நான் மன்னிப்பு கேக்கப் போறேன்? ரேடியோவுலயே இல்லியே. கெழவிக்குக் காது போச்சா, புத்தி போச்சா?" என்றாள். ஆறு பேர் சிரித்தார்கள். பெயர்கள் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் தருகிறேன். எழுபத்தொரு வயதில் எனக்குப் பொய்க்காரி என்று பேர் வந்தது.

அதன் பிறகு செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டுடியோவுக்குப் போய் முகிலனைக் கேட்டேன். "பாட்டி, அது எடிட்ல போயிடுச்சு. சப்ஜெக்ட் ஏரிதானே, பஜ்ஜி இல்லியே" என்றான்.

"வாத்து மட்டும் அர நிமிசம் கீதே?"

"அது ஏரி வாத்து, பாட்டி."

வெட்டினது எங்கே என்று கேட்டேன். முழுசாகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, வெளியாளுக்குப் போட்டுக் காட்ட ரூல் இல்லை, மனு கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்புவோம், மூன்று மாதம் ஆகும் என்றான். அதன் பிறகு ஒலிப்பதிவு அறை காலியாக இருப்பதைப் பார்த்து உள்ளே போய், அதே சுவிட்சைத் தட்டிவிட்டு, அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். மணி 10.40.

கதவை நான் பூட்டினேன் என்று ஷ்யாம்சுந்தர் சார் கொடுத்த புகாரில் இருப்பது தவறு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கதவில் உள்ள சின்னக் கண்ணாடியில் ஷ்யாம்சுந்தர் சார் முகம் நாலு தடவை வந்தது, நாலு தடவையும் மேலே லைட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நடுச்சுவரில் உள்ள பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முகிலன் மைக்கில் என்னவோ சொன்னான். ஹெட்போன் போட்டால்தான் கேட்கும், நான் போடவில்லை. பன்னிரண்டு மணிக்கு டப்பாவில் கொண்டுபோன இரண்டு இட்லியைச் சாப்பிட்டேன். மிளகாய்ப்பொடி கீழே சிந்தவில்லை. மன அமைதி பற்றிப் பேச வந்த சார் வராந்தாவில் எல்லாரையும் பிடித்துக் கத்தினார் என்று ரோஹிணி பிற்பாடு சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, அது சத்தம் நுழையாத அறை.

1.20 மணிக்கு எஸ்.ஐ. அம்மா வந்து கதவை ஒரு கையால் தள்ளினார், திறந்துகொண்டது. "இவ்வளவு நேரம் ஏன் சார் யாரும் தெறக்கல?" என்று கேட்டார். ஷ்யாம்சுந்தர் சார், "லைட் எரியுதே மேடம்" என்றார்.

அதன் பிறகு என் நியாயத்தை எஸ்.ஐ. அம்மாவிடம் சொன்னேன். வெட்டின பதிவு விசாரணைக்கு வேண்டும், போடுங்கள் என்று அவர் சொல்ல, ஷ்யாம்சுந்தர் சார் சம்மதித்தார். சாமுண்டீஸ்வரி இல்லாமல் போடக் கூடாது என்று நான் சொன்னதால் அவளுக்குப் போன் போட்டு வரவழைத்தார்கள். அதன் பிறகு முகிலன் அந்த இடத்தைத் தேடிப் போட்டான். தப்புதான், மன்னிச்சுக்கோ என்று அவள் குரல் தெளிவாக வந்தது. நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். சாமுண்டீஸ்வரி குடைக் கம்பியைப் பார்த்தாள். நிறுத்துடா போதும் என்று நான் சொல்வதற்குள் அது மேலே ஓடிவிட்டது. பிறகு ஒரு குரல், "சரி வுடுடி. கீதா நல்லாத்தானே கீறா. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றது. அது என் குரல். அதை மறுக்கவில்லை. அதன் பிறகு இரண்டு பேர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது, அதில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியாது.

மறதியே இல்லாதவர் இதை மட்டும் எப்படி மறந்தீர்கள் என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, பதில் சொல்லவில்லை என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சாமுண்டீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்து, "கேட்டுக்கினியா? நான் கேட்டேன், நீ குட்த்த, கணக்கு முடிஞ்சுது. இனிமே தெருவுல பஜ்ஜின்னு வாயத் தொறந்தா பாரு" என்றாள். ஷ்யாம்சுந்தர் சார் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், இந்தத் துண்டைத் தனியாகப் பாட்காஸ்டில் போடுவதாகவும் சொன்னார். ரோஹிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப அழகாக இருக்கிறது, முழுசாகப் போடலாம் சார் என்றாள். நான் முகிலனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவ சொன்னது இருக்கட்டும். நான் சொன்னத மட்டும் வெட்டிடு ராசா" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளலாம். அவன், "ஐயோ பாட்டி, அப்படியெல்லாம் வெட்டக் கூடாது, தப்பாயிடும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டு வரும். தெருவே கேட்கும். நான் பொய்க்காரி இல்லை என்று ஆகிவிடும். முப்பது வருஷமாக நான் விடாமல் வைத்திருந்ததும் என் வாயாலேயே போய்விடும்.

சாமுண்டீஸ்வரியை மன்னித்ததாக மிஷின் சொல்கிறது, மிஷினோடு எனக்கு வழக்கு இல்லை. போலீசைக் கூப்பிட்டது ஷ்யாம்சுந்தர் சாருடைய உத்தியோகம், அவர் மேலும் வருத்தம் இல்லை. கேட்காதபோது வெட்டினவனும், காலில் விழாத குறையாகக் கேட்டபோது வெட்ட மாட்டேன் என்றவனும் ஒரே ஆள்.

இதை எஸ்.ஐ. அம்மா இரண்டு தடவை படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, சொன்னது அத்தனையும் நிஜம். கையெழுத்துக்குக் கீழே, நான் மன்னிக்காதவர் பெயரைத் தனி வரியில் எழுதச் சொன்னேன். அப்படி எழுத வழக்கமில்லை என்றார். நானே எழுதினேன்.

(ஒப்பம்) செங்கேணியம்மாள்

முகிலன்